ஊதாச் சுட்டி

வினிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
இடைவேளைக்கு ஒருவரையும் வெளியே விடவில்லை.
ஈரக் காலுறைகள் ஹீட்டரின் மேல் ஆவி விட,
ஆறாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகள்
ஒரே பக்கத்தில் எழுதுகிறார்கள்.
காகிதம் இல்லை. ஐந்து திரை, ஒரு பக்கம்.

ஜோமாரியின் சுட்டி பச்சை.
ஸ்லாட்டாவுக்கு ஆரஞ்சு.
டேலன் நாள்தோறும் சிவப்புக்குச் சண்டை பிடிப்பான்,
கணினி யாரையும் கேட்டு நிறம் கொடுப்பதில்லை.
மிஹ்ரெத் வந்து நாலு மாதம்தான்.
தன் மொழியில் எழுதுவாள்,
பக்கம் அதைத் தட்டுத்தடுமாறி ஆங்கிலமாக்கும்,
அதன் பிழைகளுக்கு அவளே முதலில் சிரிப்பாள்.

ஆரபிக்கு ஊதா.

அவள் விரலால் எழுதுவதில்லை.
திரைக்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டை
அவள் கண்மணிகளைப் பார்த்தபடி இருக்கும்.
ஓர் எழுத்தை உற்று நோக்கவேண்டும்,
அது சம்மதிக்கும்வரை.
தலை சற்றே துள்ளினாலும் அடுத்த வீட்டு எழுத்து விழும்.
அதை அழிக்கவும் கண்தான்.

என் வேலைக்கு ஒப்பந்தத்தில் 'உதவியாளர்' என்று பேர்.
முதல் மாதம் நிறையவே உதவினேன்.
அவள் தொடங்கிய சொற்களை நான் முடித்து வைத்தேன்.
அவள் முகம் கோணியதைத்
தசைப்பிடிப்பு என்று பதிவேட்டில் எழுதினேன்,
நேரத்தோடு.

செவ்வாய்க்கிழமை, ஊரைக் கடந்து போகும் ஆற்றைப் பற்றிப் பாடம்.
அது வடக்கே ஓடுகிறது,
தெற்கில் பனி முதலில் உடையும்,
வடக்கில் உடையாத பனியில் போய் முட்டும்.
நால்வரும் மளமளவென்று நிரப்பினார்கள்.
ஊதா மட்டும் ஒரே வரியில் நின்றது.
'ஆறு', ஓர் இடைவெளி, பிறகு ஓர் எழுத்து.
பதினாறு நிமிடம்.

ஜோமாரி நல்ல பிள்ளை.
அதுதான் சிக்கல்.
பச்சைச் சுட்டி விறுவிறுவென்று வந்து
'வடக்கு நோக்கிப் பாய்கிறது' என்று முடித்துவைத்தது.
இலக்கணப் பிழை இல்லை, தகவல் பிழையும் இல்லை.

ஆரபியின் முகம் கோணியது.
இந்த முறை நான் பதிவேட்டைத் திறக்கவில்லை.

அவள் அழிக்கத் தொடங்கினாள்.
கடைசி எழுத்திலிருந்து, ஒவ்வொன்றாக.
முழு வரியையும் ஒரே தட்டில் நீக்க எனக்குத் தெரியும்.
கைகள் எழுந்தன. அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.
சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று
சம்பளம் வாங்கித்தான் அறிந்தேன்.

வகுப்பில் யாரோ சத்தமாய் எண்ணினார்கள்,
பிறகு எண்ணுவதை விட்டார்கள்.
பச்சை மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தது.
ஆரஞ்சும் அதன் பின்னே.
சரக்கு ரயில் போகட்டும் என்று
கடவையில் நிற்கும் வண்டிகள் மாதிரி
நாலு சுட்டிகளும் அவள் வரிக்குக் கீழே
மினுக்கிக்கொண்டு நின்றன.
ஓரத்துப் பெட்டியில் ஜோமாரி எழுதினான்:
'மன்னிச்சுக்கொள். நீ சொல்ல வந்தது என்ன?'

பதில் வர மதியச் சாப்பாடு தாண்டியது.

'ஆறு வடக்கே போக விரும்பவில்லை.
ஆனாலும் போகிறது.'

டேலன் தான் எழுதிய தகவல்களை மேலும் கீழும் உருட்டினான்.
ஏழு வரி. எல்லாம் சரி.
ஒன்றும் சொல்லாமல் அவற்றை
அவள் வரிக்குக் கீழே இறக்கிவைத்தான்.

இரவு வீட்டிலிருந்து திருத்த வரலாற்றைத் திறந்தேன்.
ஐந்து சொற்களுக்குள்
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மாற்றங்கள்.
தவறி விழுந்த எழுத்துகள், துடைத்தவை,
மறுபடி அதே இடத்தில் தவறியவை.
அவற்றில் ஒன்றிலும் என் பெயர் இல்லை.
வேலைக்குச் சேர்ந்து முதல்முறையாக.

இன்று புதிய பக்கம்.
ஸ்லாட்டா கேட்டிருக்கிறாள்:
'ஆறு ஏன் விரும்பவில்லை?'
ஊதாச் சுட்டி ஓர் எழுத்து வைத்திருக்கிறது.
ஹீட்டரின் மேல் காலுறைகள் காய்ந்துவிட்டன.
இன்னும் ஒருவரும் எடுக்கப் போகவில்லை.